சங்கக்கடையும் ஜாம் போத்தல் விளக்கும்

2022 மார்ச் மாதக் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். தண்ணீர் மோட்டரும் ஓடவில்லை. கடையில் மெழுகுதிரி முடிந்து இரண்டு நாள். மூத்தவள் போன் வெளிச்சத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள், அதுவும் அணையப் போகிறது. என் போனில் மிச்சமிருந்த சார்ஜில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு எடுத்தேன். பெரிய விசயம் ஒன்றுமில்லை, குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

நான் புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஜாம் போத்தல் ஒண்டு கிடக்கே பிள்ளை?" என்றார்.

கிடந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற காலம் அது. கீழ்வீட்டு ஆன்ட்டி அரைப் போத்தல் தந்தார். போத்தலின் அடியில் பஞ்சை வைத்தேன். பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டேன், ஒரு சொட்டும் மேலே மிதக்கக் கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வுக்கட்டைக்குள் நூல்திரியைக் கோத்து, அதைக் கம்பியில் சுற்றிப் பஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தேன். கை நடுங்கவில்லை. ஒன்பது வயதில் செய்த வேலையை விரல்கள் மறக்கவில்லை. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இரவு முழுக்க எரியும்.

பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ மந்திரம்போலப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. என் பிள்ளைகளுக்கு இந்த விளக்கைச் செய்து காட்ட வேண்டிய நாள் வராது என்று நான் மனதார நம்பியிருந்தேன்.

அந்த வருடத்தில் "மீண்டெழும் திறன்" என்ற சொல்லைக் கேட்காத நாள் இல்லை. கருத்தரங்குகளிலும் அறிக்கைகளிலும் தொலைக்காட்சியிலும் அதையே சொன்னார்கள். இலங்கை மக்கள் மீண்டெழும் திறன் உள்ளவர்கள், வடக்கு மக்கள் அதிலும் விசேசமானவர்கள், போரையே தாண்டியவர்கள் என்றார்கள். அம்மாவிடம் அந்தச் சொல் இல்லை. அவரிடம் இருப்பது "சமாளிக்கிறது" என்ற சொல். "எப்பிடியெண்டாலும் சமாளிக்கத்தானே வேணும்." ஆனால் எதைக்கொண்டு சமாளித்தார்கள் என்று கேட்டால் அம்மா தன் மனவுறுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். ஊர்க் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் சங்கக்கடையைப் பற்றிப் பேசுவார். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பின்வளவுப் பனையைப் பற்றியும் பேசுவார். நான் எழுத வந்ததும் அதைத்தான்.

1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கியதோடு யாழ்தேவி ரயில் நின்றது. மின்சாரம் போனது, தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் குடாநாட்டுக்குள் வரத் தடை. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக ஒன்றிரண்டு.

மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் எடுக்க மட்டும் சேலைன் போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி. இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகையோடு போகும். பாட்டும் செய்தியும் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். நாடகத்துக்கு நடுவில் சுற்றுகிற அண்ணாவுக்குக் கை உளைந்தால் கதாநாயகியின் குரலும் இழுபடும். சவர்க்காரம் கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைக் கரைத்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும். ஆனால் பழ வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிடும். என் வெள்ளைப் பள்ளிச் சட்டையின் கை ஒன்று அப்படித்தான் போனது. நான் அழுத அழுகையில் அம்மம்மா ஒரு பழைய வேட்டித் துணியில் கைவைத்துத் தைத்துத் தந்தார்.

இதையெல்லாம் நாங்கள் வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான்மாருக்குச் சாகசக் கதைபோலச் சொல்வோம். நான் அன்று சிறுபிள்ளை, அதனால் எனக்குச் சாகசம். அம்மாவுக்கு அப்படி இல்லை. ஐந்து பேருக்குச் சோற்றைப் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்துக் கஞ்சித்தண்ணி குடித்த பெண் அவர். அது எனக்குத் தெரிய முப்பது வருடம் ஆனது.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், விளக்கும் டைனமோவும் வெளியில் தெரிந்த கெட்டித்தனம். எங்களை உயிரோடு வைத்தவை வேறு. ஊர்ச் சங்கக்கடையில் நிவாரண அட்டைக்கு அரிசி, மா, சீனி, பருப்பு கிடைத்தது. குறைவாகத்தான் கிடைத்தது, ஆனால் இன்ன கிழமை இன்ன அளவு என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். அதிபரின் வீட்டுக்கும் சலவைத்தொழிலாளி வீட்டுக்கும் ஒரே அளவு. போர் நடத்திக்கொண்டிருந்த அரசுதான் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் வழியாக அந்த உணவையும் அனுப்பியது, ஆசிரியருக்கும் ஓய்வூதியருக்கும் சம்பளமும் அனுப்பியது. வினோதமான ஏற்பாடு, ஆனால் அது அறுந்துபோகவில்லை. பெரியாஸ்பத்திரியைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பு வலயம் இருந்தது. பள்ளிக்கூடம் நடந்தது. கட்டடம் உடைந்தால் மரத்தடியில் நடந்தது. சோதனையும் நடந்தது, கொழும்புப் பிள்ளை எழுதிய அதே வினாத்தாள்.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அரிசிப் பங்கீடு உலகப் போர்க்காலத்தில், 1942 இல். கூட்டுறவுச் சட்டம் அதற்கும் முந்தியது, 1911. மூளாயில் கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரி கட்டியது 1930களில். இவற்றைக் கட்டியவர்களுக்கு 1990 இப்படி வரும் என்று தெரியாது. ஆனால் அவர்கள் கட்டி வைத்ததன்மேல்தான் நாங்கள் சாய்ந்து நின்றோம். ஒரு நாடு நீண்டகாலக் கஷ்டத்தைத் தாங்குகிறது என்றால் அதன் அர்த்தம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: நல்ல காலத்தில் யாரோ கட்டிவைத்த பொதுச்சொத்து கெட்ட காலத்தில் இன்னும் வேலை செய்கிறது. மக்களின் பொறுமையைப் புகழ்வதற்கு முன்னால் அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, 2022க்கு வருவோம்.

காரணங்களை இப்போது எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தார்கள், அரசின் வருமானம் விழுந்தது. கோவிட் வந்து சுற்றுலாவும் நின்றது. கையிருப்பில் இருந்த டொலர் கடனைக் கட்டியே கரைந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நவம்பரில் அதைத் தளர்த்தியபோது காலபோகம் என்ற பெரும்போக நெல் விதைப்புக்கு நேரம் தப்பிவிட்டது. கிளிநொச்சியில் மாமா ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிற வயலில் அந்த முறை 16 மூட்டைதான் எடுத்தார். மஞ்சளடித்த பயிரைப் போட்டோ எடுத்து அனுப்பினார், அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

நான் கணக்காளர் வேலை பார்ப்பவள். வீட்டுச் செலவையும் கொப்பியில் எழுதுவேன், அது பழக்கம். அந்த வருடக் கொப்பி இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. 400 கிராம் பால்மா மார்ச்சில் 790 ரூபா. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் முந்திய வருடம் 1,500க்குக் கீழ் வாங்கியது, ஏப்ரலில் 4,860. பெற்றோல் ஜூன் கடைசியில் லீற்றர் 470. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று புள்ளிவிபரத் திணைக்களம் அறிவித்தது. அதாவது போன வருடம் ஒரு மடங்கு கொடுத்ததற்கு இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சம்பளம் அதே சம்பளம். கொப்பியைப் புரட்டினால் சில சொற்கள் அப்படியே மறைந்துபோவது தெரியும். மீன் கிழமைக்கு மூன்று முறை இருந்தது, ஒன்றானது, பிறகு நெத்தலிக் கருவாடு. அப்பிள் மே மாதத்துக்குப் பிறகு இல்லை. முட்டைக்குப் பக்கத்தில் ஓகஸ்டிலிருந்து எண்ணிக்கை எழுதத் தொடங்கியிருக்கிறேன்: "4, பிள்ளைகளுக்கு".

இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர். இதை எழுதும்போது அந்த நினைப்பு என்னை விடவில்லை.

வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, கடவுச்சீட்டுக்கு வரிசை. காலி வீதியில் முச்சக்கரவண்டிகள் இரண்டு மூன்று நாள் நின்றன. சாரதிகள் அதற்குள்ளேயே படுத்தார்கள். வயதானவர்கள் வரிசையில் விழுந்து இறந்தார்கள், அது மார்ச்சிலேயே நடந்தது. ஒருநாள் காஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சிங்கள அம்மா நின்றார், அறுபத்தைந்து இருக்கும். சிலிண்டரைச் சங்கிலியால் மற்றச் சிலிண்டர்களோடு கட்டிவிட்டு நிழலில் இருந்தோம். அவர் வாழையிலைப் பொதியை அவிழ்த்துச் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்றேன். "கன்ன துவ" என்றார், சாப்பிடு மகள் என்று. பருப்பும் வல்லாரைச் சம்பலும். சாப்பிட்டேன். பின்னேரம் லொறி வந்தது, ஐம்பது சிலிண்டர்தான். எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடை அடைத்த பிறகு பின்கதவால் ஒரு வாகனத்தில் நான்கு சிலிண்டர் ஏறியதை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் இறுகிப்போனது.

பசியை விட அந்தப் பின்கதவுதான் மனிதரை உடைக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது. இல்லாமையை எல்லாருமாகத் தாங்கலாம். இன்னொருவருக்கு இருக்கிறது, தெரிந்தவருக்குக் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படித் தாங்குவது? தனக்கும் ஒரு பின்கதவு தேடத்தான் தோன்றும். எல்லாரும் தேடத் தொடங்கினால் வரிசை என்ற ஒன்றே இல்லை.

ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. வாகனத்தைப் பதிந்தால் ஒரு குறியீடு. மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. நாள் கணக்கில் கிடந்த வரிசை சில கிழமைக்குள் சுருங்கியது. நாட்டுக்குள் எரிபொருள் வெள்ளமாக வந்துவிடவில்லை, டொலர் இன்னும் இல்லை. ஆனால் இந்தக் கிழமை எனக்கு 4 லீற்றர் உண்டு, அதை வேறு யாரும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் கானில் பதுக்கி வைக்கிற அவசரம் போய்விட்டது. எனக்குச் சங்கக்கடைக் கரும்பலகை ஞாபகம் வந்தது. 5 லீற்றரில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பிழைக்க முடியாது, உண்மை. அவர்களுக்குக் கூட்டித் தந்திருக்க வேண்டும், அது பிந்தித்தான் நடந்தது. என்றாலும் இந்த நாட்டில் அந்த வருடம் செய்த உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்று மாதம் முந்திச் செய்திருக்கலாம் என்ற கோபம் வேறு.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தோட்டம் செய்யச் சொல்லி. நானும் பல்கனியில் அரிசிச் சாக்கில் மண் நிரப்பி மிளகாயும் பசளிக்கீரையும் வைத்தேன். பச்சையைப் பார்க்க மனசுக்கு இதமாக இருந்தது. ஒரு குடும்பத்துக்குச் சோறு அதிலிருந்து வராது. அம்மாவுக்கு வந்தது. முருங்கை, மரவள்ளி, தேங்காய், புழுக்கொடியல், ஒடியல்மா எல்லாம் வளவிலேயே. "எங்களுக்கு இஞ்ச பிரச்சினை இல்லைப் பிள்ளை, நீங்கள் வாங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். வளவு உள்ளவர் சொல்லலாம்.

வளவு இல்லாதவர்? இங்கேதான் எங்கள் பெருமைக் கதைகள் எனக்கு இடறுகின்றன.

1970களில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் எங்கள் பக்கத்தில் பொற்காலம் என்றுதான் பேசப்படும். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வரவில்லை, யாழ்ப்பாணத்து வெங்காயமும் வன்னி மிளகாயும் நல்ல விலை போயின. அப்பப்பா விசுவமடுவில் காடு வெட்டி மிளகாய் போட்டவர். அந்தக் காசில்தான் ஊரில் கல்வீடு எழும்பியது. "சொந்தக் காலில நிண்ட காலம்" என்று அப்பா சொல்லும்போது கண் பளபளக்கும். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

அதே 1973, 74 இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் செத்தார்கள். பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன, வெளியில் வாங்கக் கூலி போதவில்லை. மரவள்ளி போடுங்கள் என்று அரசு சொன்னது. எங்கே போடுவது? இருப்பது லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை, காணி தோட்டத்துக்குச் சொந்தம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோருக்கு வாக்கும் இல்லை, ஆகவே அவர்கள் பசி எந்த அரசியல்வாதிக்கும் அவசரமாகவில்லை. அரிசி விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்காக 1953 ஓகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் நடந்து, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகிய நாடு இது. வாக்குள்ளவரின் பசிக்கு அந்தப் பலம் இருந்தது. ஒரே கொள்கையால் அப்பப்பாவுக்குக் கல்வீடு. அங்கே ஒரு தாய்க்குப் பிள்ளையின் சாவு. இதை எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் மலையகத் தோழி ஒருத்தியின் வாயால்தான் கேட்டேன். அவளுடைய பாட்டி அந்த வருடத்தைப் "பஞ்சம்" என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடுவாராம், ஆண்டு எண் தேவையில்லை.

2022இலும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது. உலக வங்கியின் கணிப்பில் 2021 இல் 13 வீதமாக இருந்த வறுமை அடுத்த வருடம் 25 வீதம் ஆனது. தோட்டப்புறங்களில் பாதிப்பேருக்கும் மேல். கொழும்பில் நாட்கூலிக்காரர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், எங்கள் மாடிப்படியைக் கூட்டும் அக்கா. அவர் இரண்டு மாதம் இரவில் வெறும் தேத்தண்ணியோடு படுத்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கால்செருப்பு அறுந்து பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைத்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆக, நாட்டின் தாங்கும் பலத்தை அளக்க வேண்டுமென்றால் அம்மாவின் வளவில் நின்று அளக்கக் கூடாது. அந்த அக்காவின் அறையில் நின்று அளக்க வேண்டும்.

பெண்களின் நகையும் இதில் ஒரு கணக்கு. அம்மாவிடம் இருந்த தாலிக்கொடி 1990களில் இரண்டு முறை அடகுக்குப் போய் வந்தது. என் காப்பு 2022 ஜூலையில் போனது, மீட்டுவிட்டேன். ஊரில் பெண்கள் பிடிக்கும் சீட்டு, சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தின் சிறுகடன், இவை இருந்த இடத்தில் மூச்சு விட முடிந்தது. இல்லாத இடத்துக்கு நுண்கடன் கம்பனிகள் போயின. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கிலும் பொலன்னறுவைப் பக்கத்திலும் கிழமைக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று வட்டி வாங்கின. கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரம் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தது இதற்காகத்தான். பெண்கள் கூடித் தாங்களே நடத்துகிற சங்கத்தில் எடுத்த கடனும் வாசலில் மோட்டார்சைக்கிளில் வந்து நிற்பவனின் கடனும் தொகையில் ஒன்றாக இருக்கலாம். இரவில் நித்திரை வருகிறதா இல்லையா என்பதில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, போனவர்கள். 2022 இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்து போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். வைத்தியர்களும் போனார்கள். தம்பியின் மகனுக்கு வலிப்பு வந்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மருந்து இல்லை, வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். நாலாவது பாமசியில்தான் கிடைத்தது. மருந்து ஏற்றிய வைத்தியர் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கண் சிவந்திருந்தது. "சொறி அக்கா, எங்களிட்டயும் ஒண்டும் இல்லை" என்றார். மூன்று மாதம் கழித்து அவரும் லண்டன் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவரைப் படிப்பித்தது அந்த 1945ஆம் ஆண்டுப் பொதுச்சொத்து. அது இப்படிக் கப்பலேறிப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் வந்தது. மொத்தம் 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் அனுப்புவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்திருந்தார். தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் கொடுக்கும்படி இங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டார்கள். அப்படியே சிங்களக் கிராமங்களுக்கும் போனது. காஸ் வரிசையில் எனக்குப் பாதிச் சோறு தந்த அந்த அம்மாவின் ஊருக்கும் ஒரு மூட்டை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதற்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது மே 18. அதே நாள் நான் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனேன். ஏப்ரல் 9 முதல் அங்கே கூடாரம் அடித்திருந்த போராட்டக்காரர்கள் அன்று முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள். 2009 இல் கடைசி நாட்களில் பங்கருக்குள் கிடந்த சனத்துக்குக் கிடைத்த அதே கஞ்சி: அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. கொழும்பின் நடுவில், கடலைப் பார்த்தபடி, சிங்கள இளைஞர்கள் சிரட்டையில் அதை வாங்கி நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தேங்காய்ப்பால் போடமாட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள். அன்றைக்கு அது இருக்கவில்லை என்றேன். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தாள். அந்த நினைவுகூரல் பதின்மூன்று வருடம் பிந்தித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. என் வாழ்நாளில் இந்த நாடு எனக்கு நாடாகத் தெரிந்த சில நிமிடங்களில் அதுவும் ஒன்று. எல்லாரும் அப்படி நினைக்கவில்லை, அன்றைக்கே பல தமிழர்கள் இது தெற்கின் போராட்டம், எங்கள் கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. காணாமற்போனோரின் தாய்மார் இன்றும் வீதியில்தான் இருக்கிறார்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் நிதியமைச்சராக இருந்தவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்பட அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறி இந்த நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. அன்றிரவு கொப்பியை எடுத்து அந்த "4, பிள்ளைகளுக்கு" வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கள் சமாளித்தார்கள் என்று புகழ்கிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். சமாளித்த ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய தட்டிலிருந்து எடுத்த நாள்.

சர்வதேச நாணய நிதியத்தின் கடன் 2023 மார்ச்சில் கிடைத்தது. விலைவாசி ஏறுவது நின்றது. ஏறியது ஏறியதாகவே நிற்கிறது. அஸ்வெசும என்ற புதிய நிவாரணத் திட்டம் அந்த வருடம் தொடங்கியது, பெயர் விடுபட்டவர்கள் இலட்சக்கணக்கில் முறையிட்டார்கள். மின்சாரம் இருக்கிறது. ஜாம் போத்தலை மகள் கழுவித் தன் மேசையில் பென்சில் போட வைத்திருக்கிறாள்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். சங்கக்கடைக்கு இப்போது சனம் குறைவு, டவுனில் பெரிய சுப்பர்மார்க்கெற் வந்துவிட்டது. கட்டடத்தின் ஓடு ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது. அன்று சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, முழங்கால் நோ. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நூல்சேலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். இந்த வெயிலுக்குள் எதற்கு, பத்துப் பேர்கூட வரமாட்டார்கள் என்று தடுத்துப் பார்த்தேன்.

"போன வருசக் கணக்கறிக்கை இன்னும் வாசிக்கேல்லை. நான் போய்க் கேக்காட்டி ஆர் கேக்கிறது?" என்றார்.

மூன்று மணிக்குப் போனவர் விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்பினார். வந்தது பதினாலு பேராம். கணக்கில் ஒரு பற்றுச்சீட்டு இல்லையாம், அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லிக் குறிப்பில் எழுதுவித்தாராம். ஓட்டைத் திருத்துவதற்கு ஆளுக்கு ஐந்நூறு என்று முடிவாம். எனக்கும் சேர்த்து ஆயிரமாகக் கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் எடுத்து வரச் சொன்னார்.